நம்மாளுக்குப் போட்ட டிஸ்க்

அவளை அந்தத் தெருவில் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, லேப்டாப் டாக்டர். அந்தப் பெயரை நம்பி, புதிதாகக் குடிவந்த ஒருத்தி இருமுகிற பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து நின்ற கதையும் உண்டு. "அம்மா தாயே, நான் பார்க்கிறதெல்லாம் இருமாது, தும்மாது. சூடு மட்டும்தான் அடிக்கும். நீ அந்த முக்கு ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொல்லி, பிள்ளை கையில் ஒரு பிஸ்கட்டையும் திணித்து அனுப்பினாள். அதற்கப்புறம் பெயர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டது.

கடை என்றதும் கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை என்றெல்லாம் நினைத்துவிட வேண்டாம். வீட்டின் முன்னறைதான் கடை. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அடுப்பு, கட்டில், துணி காய்கிற கொடி. இந்தப் பக்கம் அவளுடைய மேசை, வளைகிற கழுத்துள்ள விளக்கு, திருகாணி ஓடிவிடாமல் பிடித்துக்கொள்கிற காந்தத் தட்டு. பக்கத்தில் சாவி வெட்டுகிறவர் கடை. அவர் மெஷின் கிறீச்சிடும்போது இவள் பேச்சை நிறுத்திக்கொள்வாள். சத்தம் நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். வாடிக்கையாளர்களுக்கும் அது பழகிப்போயிருந்தது.

வாசலோரம் இன்னொரு மேசை அவளுடைய புருஷனுடையது. வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசுவதும், பெரிய மார்க்கெட்டுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவதும் அவர் பொறுப்பு. தெருவில் அவருக்குக் கடைக்காரர் என்று பெயர். பேச்சில் தேன் ஒழுகும். கோபித்துக்கொண்டு வருகிறவன்கூட அவரிடம் டீ குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டுதான் போவான். ஆனால் திருப்புளியை அவர் கையில் கொடுத்தால் முடிந்தது கதை. கழற்றியது ஒன்பது திருகாணி என்றால் திரும்ப மாட்டும்போது இரண்டு மிச்சமிருக்கும். "நீங்க மாட்டினா வண்டி லேசாயிடுதுங்க" என்று அவள் கேலி செய்வாள். சொந்தக்காரர்கள் கூடியிருக்கும்போது சொன்னால் இன்னும் ருசி. அவரும் சேர்ந்து சிரிப்பார்.

தொழிலில் அவளுக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. வெளியிலிருந்து வருகிற எந்தப் பாகத்தையும் சோதிக்காமல் மாட்டமாட்டாள். "புதுசும்மா, பெட்டியே இப்பத்தான் பிரிச்சேன்" என்று யார் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும், தன் சோதனை மெஷினில் போட்டு அது எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் திருப்புளியைத் தொடுவாள். செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் அதன் முதுகில் திருப்புளி முனையால் ஒரு பெருக்கல் குறி கீறிவிடுவாள். தெரியாமல் இன்னொருத்தர் லேப்டாப்புக்குள் போய்விடக்கூடாது அல்லவா? கீறியதைக் கூடையில் போட்டுவிடுவாள். கூடை நிறைந்தால் கடைக்காரர் பழைய இரும்புக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவார்.

புருஷன் வாங்கி வந்த சாமானை மட்டும் அவள் சோதித்ததே இல்லை. கட்டின புருஷன் நீட்டுகிற டீயை யாராவது மோந்து பார்த்துவிட்டா குடிப்பார்கள்?

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. தெருவில் தண்ணீர் ஓடுகிற சத்தம் தவிர வேறில்லை. மேசைமேல் அவள் தங்கையின் லேப்டாப் திறந்து கிடந்தது. பள்ளிக்கூடம் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "மறுபடியும் அந்த டிக் டிக் சத்தம்தான் அக்கா. ஆரம்பத்துல வர்ற கம்பெனிப் படத்தோட அப்படியே நின்னுடுது. சாயங்காலம் வரேன்" என்றாள். அவ்வளவுதான். ஒரு புலம்பல் இல்லை.

கண் தெரியாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் தங்கைக்கு வேலை. பாடப்புத்தகங்களை வாய்விட்டு வாசித்துப் பதிவு செய்து தருவாள். வீட்டில் துணி அலமாரிக்குள் ஒரு முக்காலி போட்டு, நாலு பக்கமும் போர்வையைத் தொங்கவிட்டு, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து வாசிப்பாள். வெளியே ஒரு நாய் குரைத்தால் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். போன மழைக்காலத்தில் டிஸ்க் போனபோது பூகோளப் புத்தகம் முழுவதும் போய்விட்டது. இதே மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அப்புறம் புது டிஸ்க் போட்டுக் கொடுத்தார்கள். தொண்டை கட்டிப்போய், உப்புத் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு மறுபடியும் மலைகளையும் நதிகளையும் வாசித்து முடித்தாள். அந்தப் புது டிஸ்க்தான் ஒரு வருஷம்கூட ஆகாமல் இப்போது டிக் டிக் என்கிறது.

"பாவி டிஸ்க், உனக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்று அதையே திட்டினாள் டாக்டரம்மா.

கடைக்காரர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். ஒரு வருஷமாகவே புது டிஸ்க்கில், லேப்டாப்பை ஓடவைக்கிற சிஸ்டத்தை ஏற்றுகிற வேலையை அவர்தான் செய்துகொண்டிருந்தார். அது எப்படி வந்தது என்றால், நாளெல்லாம் திருகாணி முடுக்கி அவளுக்கு மணிக்கட்டு வீங்கிப்போன சமயம். ஒருநாள் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டே, "டிஸ்க்கைத் தயார் பண்ற வேலைய எனக்குச் சொல்லிக்குடும்மா. சிஸ்டத்தை ஏத்தி உன் கையில குடுத்துடறேன். நீ மாட்டினா மட்டும் போதும்" என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தாள். ஆரம்பப் பகுதி கெட்டுப்போன டிஸ்க்கைப் பிழைக்கவைக்கிற வழிகூடச் சொல்லிக்கொடுத்தாள். கெட்ட இடத்தை எதற்கும் ஒதுக்காமல் வெறுமனே விட்டுவிட்டு, அதைத் தாண்டி சிஸ்டத்தை ஏற்றினால் கொஞ்ச காலம் ஓடும். வசதியில்லாதவர்களுக்கு, "இது எப்ப வேணும்னாலும் போயிடும், காசு வேண்டாம்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் அப்படிச் செய்து கொடுப்பாள்.

"நான் கத்துக்கிட்டதை வெளிய சொல்லிடாதே. ஜனங்க உன் கையை நம்பித்தான் வராங்க" என்று அவர் கேட்டுக்கொண்டார். சரிதானே என்று அவளும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இன்றைக்கு அவர் இல்லை. தங்கை சாயங்காலம் வந்துவிடுவாள். நாமே போட்டுவிடுவோம் என்று டாக்டரம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்னால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிஸ்டம் ஏற்றுகிற பென் டிரைவைச் செருகி லேப்டாப்பைத் தட்டி எழுப்பினாள். எந்த மொழி என்று கேட்டது, சொன்னாள். எந்த டிஸ்க்கில் ஏற்றட்டும் என்று கேட்கிற திரை வந்தது. அந்தத் திரையில்தான் டிஸ்க் எப்படிப் பங்கு போடப்பட்டிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும்.

முதல் வரியிலேயே, ஒதுக்கப்படாத இடம் என்று ஒரு பெரிய துண்டு கிடந்தது. அதைத் தாண்டித்தான் சிஸ்டம் இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். புது டிஸ்க்கில் எதற்கு இடம் விடவேண்டும்? புது வீட்டில் குடிபோகிறவன் முதல் அறையைப் பூட்டிவிட்டா போவான்?

'கை தவறி விட்டிருப்பார்' என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாளே தவிர, கை தானாக லேப்டாப்பை அணைத்துக் கவிழ்த்துப் போட்டது. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வைத்தாள். எந்த மூலையிலிருந்து வந்ததோ அந்த மூலைக்கு நேராக வைப்பது அவள் வழக்கம். பிளாஸ்டிக் தகடை இடுக்கில் நுழைத்து ஓரமாக நெம்பிக்கொண்டே போக, அடிமூடி படக் படக்கென்று விட்டுக்கொடுத்தது. பேட்டரி இணைப்பைப் பிடுங்கினாள். டிஸ்க்கை நகர்த்தி வெளியே எடுத்தாள். முதுகில் புது ஸ்டிக்கர் பளபளவென்று இருந்தது. ஓரத்தில் நகத்தை வைத்தாள். அடுத்த கடையில் சாவி மெஷின் கிறீச்சிட்டது. ஸ்டிக்கர் பாதி வந்தது. முழுக்க உரித்தாள்.

உள்ளே அவளுடைய பெருக்கல் குறி இருந்தது.

இடது கோடு நீளமாகவும் வலது கோடு குட்டையாகவும் இருக்கும் அவள் கீறினால். மணிக்கட்டு வீங்கிய பிறகு வந்த கோணல் அது. வேறு யாருடைய கீறலும் இல்லை, அவளுடையதேதான். எழுந்து போய்க் கடைக்காரருடைய மேசை இழுப்பறையைத் திறந்தாள். மேல் அடுக்கில் பெட்டியோடு டிஸ்க்குகள். அடியில், பிளாஸ்டிக் உறையில் தனியாகக் கொஞ்சம். அடியிலிருந்ததை எடுத்து உரித்தாள், குறி. இன்னொன்று, குறி. மேல் அடுக்கில் இருந்ததை உரித்துப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. சோதனை மெஷினில் போட்டாள், ஒரு நிமிஷம்கூட ஓடாத புத்தம் புதிது.

அப்படியானால் இரண்டு வகை வைத்திருக்கிறார். யாருக்கு எது என்று தெரிந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

டாக்டரம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தைலம் தேய்த்துவிட்ட கை ஞாபகத்துக்கு வந்தது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று பூரித்துப் போனோமே என்று நினைத்தபோது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அடுப்பில் வைத்த சோறு குழைந்து தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எழுந்து போனாள்.

மார்க்கெட்டிலிருந்து திரும்பிய கடைக்காரர் குடையை மடக்கிக்கொண்டு, நனையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த பன் பொட்டலத்தை மேசைமேல் வைத்தார்.

"சூடா இருந்துச்சும்மா, உனக்குப் பிடிக்குமேன்னு வாங்கினேன். என்ன, தீஞ்ச வாசனை வருது?"

அவள் உரித்த டிஸ்க்குகளைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். அவர் அவற்றைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினார். துவட்டி முடிந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க இது?"

"அது... மார்க்கெட்டுல ஏமாத்திட்டானுங்கபோல. இப்பல்லாம் பழசுக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி..."

"என் கீறல் மார்க்கெட்டுக்கு எப்படிங்க போச்சு?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"கூடைய இரும்புக்குப் போட்டேன்னீங்களே. நீங்க பேசாம இருந்தா நான் இப்படியேதான் நிப்பேன். உக்காரமாட்டேன்."

"சத்தம் போடாதே. சாவிக்காரர் காதுல விழும்."

"விழட்டுமே! மெஷின் சத்தத்துல அவருக்கு என்ன விழப்போகுது? எனக்குக் கேக்கணும். சொல்லுங்க."

"கடை நிக்கணுமேன்னு பண்ணேன்" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "மெயின் ரோட்டுல அந்தப் பெரிய கடை வந்தப்புறம் நம்ம நெலமை உனக்குத் தெரியாதா? எல்லாமா அப்படிக் குடுத்தேன்? நல்லா ஓடக்கூடியதாப் பார்த்து, நீ சொல்லிக்குடுத்த மாதிரியே கெட்ட எடத்தை விட்டுட்டு..."

"நான் சொல்லிக்குடுத்தேனா?"

"தொழில் நுணுக்கத்தைச் சொன்னேன்மா."

"நான் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுச் செஞ்ச காரியத்தை, நீங்க ஸ்டிக்கர் ஒட்டி மூடிட்டுச் செஞ்சிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணா?" அவள் தன் மணிக்கட்டை நீட்டிக் காட்டினாள். "கை வலிக்குதுன்னு அழுதேனே, அதுக்கா தைலம் தேய்ச்சீங்க? இதுக்குத்தான் கத்துக்கிட்டீங்களா?"

"சத்தியமா அப்ப இந்த எண்ணம் இல்ல. அப்புறம்தான் வந்துச்சு."

"யாராருக்குக் குடுத்தீங்க?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப..."

"யாராருக்கு?"

அவர் மெதுவாகச் சொன்னார். "உன் சித்திக்கு. அப்புறம், உன் ஃப்ரெண்டு ஒருத்தி இருக்காளே, துணி தைக்கிறவ. உங்க அண்ணன் மகனுக்கு. தங்கச்சிக்கு."

டாக்டரம்மா காத்திருந்தாள். அவர் அதற்குமேல் சொல்லவில்லை.

"அவ்வளவுதானா? வெளியாளு ஒருத்தருமே இல்லையே?"

"வெளியாளுக்கு எப்படிக் குடுக்கிறது? ரெண்டு மாசத்துல நின்னா மூணாவது மாசம் கடை வாசல்ல நின்னு கத்துவான். தெருவே கூடிடும். நம்மாளுங்கன்னா பொறுத்துப்பாங்க. போனாலும் நம்மகிட்டதானே வருவாங்க? மறுபடியும் போட்டுக் குடுத்துக்கலாம்னு நெனச்சேன்."

அவர் அதை ஒரு சமாதானமாகத்தான் சொன்னார். நாலு பேரை யோசித்து, அதில் யாருக்குப் பாதகம் குறைவு என்று பார்த்துச் செய்த காரியம் போல, நிதானமாகச் சொன்னார். டாக்டரம்மாவுக்குத்தான் காது அடைத்துப்போயிற்று. பாசமாக இருக்கிறவர்களாகப் பொறுக்கி எடுத்திருக்கிறான் மனுஷன்! சண்டைக்கு வரத் தெரியாதவர்கள், அக்கா கை, மகள் கை என்று கண்ணை மூடிக்கொண்டு லேப்டாப்பை நீட்டினவர்கள்.

"உங்க அக்காவும்தான் போன வருஷம் டிஸ்க் மாத்தினாங்க. அவங்களுக்கு?"

"அவளுக்குப் புதுசு குடுத்தேன்."

"ஏன்?"

"அவ வாய் உனக்குத் தெரியாதா?"

அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்ததுதான், அது எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு, "நான் வாயில்லாதவங்க வீட்டுல பொறந்துட்டேன், அதான் தப்பு" என்றாள்.

"உன் கை ராசிய நம்பினேன்மா. நீ மாட்டினா செத்ததும் ஓடும்னு..."

"என் கைய இழுக்காதீங்க! அந்தப் பிள்ளை அலமாரிக்குள்ள வெந்து வெந்து வாசிச்சதெல்லாம் இதுல கெடக்கு. போன தடவை அவ அழுதப்ப, நீங்கதானே தண்ணி கொண்டுவந்து குடுத்தீங்க? 'கவலைப்படாதே, புதுசு போட்டுத் தரேன்'னு சொல்லிட்டு, இந்த இழுப்பறைக்குள்ள கையை விட்டு, மேல இருந்ததைத் தள்ளிட்டு அடியில இருந்ததை எடுத்தீங்களே, எப்படிங்க மனசு வந்துச்சு?"

வெளியே மழை வலுத்தது.

"சாயங்காலம் அவ வருவா. நான் சொல்லப்போறேன்" என்றாள்.

கடைக்காரர் பதறி எழுந்தார். "வேண்டாம். நீ சொல்லாதே. நானே சொல்லிடறேன். நான் பண்ண தப்பு, என் வாயால சொன்னாத்தான் மரியாதை. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன், நீ வாயைத் திறக்காதே."

"சொல்வீங்களா?"

"கண்டிப்பா. அவகிட்ட மன்னிப்பும் கேக்கறேன். போதுமா?"

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அழுதுகொண்டிருந்தால் வேலை நடக்குமா? மேல் அடுக்கிலிருந்து எடுத்துச் சோதித்துவைத்த டிஸ்க்கை எடுத்தாள். முதலில் பழைய டிஸ்க்கிலிருந்து தங்கையின் பாடங்களை மீட்க முடியுமா என்று சோதனை மெஷினில் மாட்டிப் பார்த்தாள். டிக் டிக் என்று இரண்டு மூச்சு விட்டது, பெயர்களைக் காட்டியது. ஒரு பாடத்தைத் திறந்தாள். தங்கையின் குரல், 'இந்த நதி மலையின் மேற்குச் சரிவில்' என்று தொடங்கியது. அத்தோடு டிஸ்க் நின்றுவிட்டது. குளிரவைத்துப் பார்த்தாள், திருப்பிப் போட்டுப் பார்த்தாள், வேறு கம்பியில் மாட்டிப் பார்த்தாள். அப்புறம் அது பேசவேயில்லை.

புது டிஸ்க்கை உட்காரவைத்து, பேட்டரியை இணைத்து, மூடியை அழுத்தி, தட்டிலிருந்த திருகாணிகளை அந்தந்த மூலையில் முடுக்கினாள். பென் டிரைவைச் செருகினாள். எந்த டிஸ்க்கில் ஏற்றட்டும் என்ற திரையில் இந்தத் தடவை ஒரே வரி, முழு இடமும் காலியாக. சரி என்றாள். சதவீதம் ஏற ஆரம்பித்தது. இந்த நேரத்தில் வழக்கமாக எழுந்து போய்த் துணி மடிப்பாள், கீரை ஆய்வாள். இன்றைக்கு நாற்காலியை விட்டு அசையவில்லை. பன் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. கடைக்காரர் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கை வந்தபோது ஏற்றம் பாதியைத் தாண்டியிருந்தது. குடையை உதறிவிட்டு, "என்ன அக்கா, ரெண்டு பேரும் இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

டாக்டரம்மா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் பாடமெல்லாம்... எடுக்க முடியலடி. எவ்வளவோ பார்த்துட்டேன்."

"பரவால்லக்கா."

"என்னடி பரவால்ல? பரீட்சை வருதுன்னு சொன்னியே? மறுபடியும் அத்தனையும் வாசிக்கணுமே!"

"இல்லக்கா. எல்லாம் பத்திரமா இருக்கு. தினம் வாசிச்சு முடிச்சதும் பள்ளிக்கூட மெஷின்ல ஒரு காப்பி போட்டுடுவேன்."

டாக்டரம்மாவுக்கு உயிர் வந்தது. "அப்பாடா! என் வயித்துல பால வார்த்தே. எப்ப இருந்துடி இவ்வளவு கெட்டிக்காரி ஆனே?"

தங்கை குடையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு, மெல்லச் சொன்னாள்.

"இந்த டிஸ்க் நிக்காதுன்னு தெரியும்க்கா. அதான்."

"தெரியுமா?"

"போட்ட கொஞ்ச நாள்லயே திணற ஆரம்பிச்சிடுச்சு. பள்ளிக்கூடத்துக்கு மெஷின் பார்க்க ஒருத்தர் வருவார். காட்டினேன். இது ஓடி ஓடித் தேஞ்ச டிஸ்க்கும்மா, மேல ஸ்டிக்கர் மட்டும்தான் புதுசுன்னார்." அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "நான் அவர்கிட்ட உன் பேரைச் சொல்லலக்கா. அம்மாகிட்டகூடச் சொல்லல. சத்தியமா யார்கிட்டயும் சொல்லல."

"என் பேரையா?"

"உனக்கு என்ன கஷ்டமோ என்னமோன்னு நெனச்சேன். இல்லேன்னா நீ அப்படிச் செய்வியா? கேட்டா உனக்கு அவமானமா இருக்குமேன்னுதான் கேக்கல. இன்னைக்கும் வேற எடத்துக்குப் போயிருப்பேன். போனா நீ மனசு ஒடஞ்சிடுவேன்னுதான் இங்கயே கொண்டுவந்தேன்."

இத்தனை மாதங்களாக இந்தப் பிள்ளை இங்கே வந்திருக்கிறது, சாப்பிட்டிருக்கிறது, சிரித்திருக்கிறது. அவ்வளவு நேரமும் அக்கா ஒரு திருடி என்று தெரிந்துகொண்டு, அதை மன்னித்துவிட்டு, தெரியாததுபோல உட்கார்ந்திருந்திருக்கிறது. டாக்டரம்மா திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். இதுதான் நேரம். ஒரே ஒரு வார்த்தை போதும். 'நான்தாம்மா' என்றால் முடிந்தது.

கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். கண் கலங்கியிருந்தது. தங்கையின் பக்கத்தில் நின்று, தணிந்த குரலில் சொன்னார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. உங்க அக்காவை ஒண்ணும் சொல்லாதே. பாவம், அவ வேணும்னு செய்யல."

டாக்டரம்மாவுக்கு ஒரு நிமிஷம் காதில் விழுந்தது புரியவில்லை. புரிந்ததும், "அடப்பாவி!" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை அப்படி அழைத்தது இதுதான் முதல் தடவை. "இவர்தான்டி! இவர்தான் செஞ்சார்! டிஸ்க்கை எடுத்து ஸ்டிக்கர் ஒட்டி, சிஸ்டத்தை ஏத்தி எங்கிட்டக் குடுத்தது இவரு. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இந்தா பாரு, நான் செத்ததுன்னு கீறிப்போட்ட குறி. இதை மறைச்சுத்தான்..."

தங்கை குறியைப் பார்த்தாள்.

"இது நீ கீறினதா?"

"ஆமாடி, நான்தான்! என் கையால கீறினது."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது எப்படிக் கேட்கும் என்று அவளுக்கே உறைத்தது. தங்கையின் முகத்தில் கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. இரக்கம்தான் வந்தது.

"மாமா சிஸ்டம் ஏத்தினாரா? அவருக்குத் திருகாணி முடுக்கவே வராதுன்னு நீதானேக்கா எப்பவும் சொல்லுவே?"

"நான் கத்துக்குடுத்தேன்டி! யார்கிட்டயும் சொல்லாதேன்னார். கேளு, அவரையே கேளு! என்னங்க, சொல்லுங்களேன்! நீங்களே சொல்றேன்னு சொன்னீங்களே!"

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "சரிம்மா. நான்தான்னு வெச்சுக்கோயேன். உனக்கு அதுல ஆறுதல்னா நான்தான்."

தங்கை அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு அக்காவின் தோளில் கை வைத்தாள். "விடுக்கா. நான் உன்னைக் குத்தமே சொல்லலியே. அவர் மேல எதுக்குப் போடறே? பாவம்க்கா அவர்."

டாக்டரம்மா வாயைத் திறந்தாள். சத்தியம் செய்யலாம் என்றால், யார் தலைமேல் அடித்துச் செய்வது? நாளெல்லாம் பிறர் சத்தியத்தை நம்பாமல் சோதித்துப் பார்த்தவள் அவள்.

தங்கை மேசைக்குப் போய் லேப்டாப்பைப் பார்த்தாள். சதவீதம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. சார்ஜர் கம்பியைச் சுவரிலிருந்து எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள்.

"என்னடி பண்றே? இன்னும் முடியல. நடுவுல நிறுத்தினா எல்லாம் பாழாயிடும். முதல்லேருந்து ஏத்தணும்."

"இருக்கட்டும்க்கா. அவரே முதல்லேருந்து ஏத்திக்குவார், பள்ளிக்கூடத்துக்கு வரவர்."

"இது புதுசுடி. நானே சோதிச்சேன். ஒரு நிமிஷம்கூட ஓடாதது."

"சரிக்கா" என்றாள் தங்கை, அடம் பிடிக்கிற குழந்தையிடம் சொல்வதுபோல. லேப்டாப்பின் ஸ்விட்சை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். திரை கருத்தது. லேப்டாப்பை மூடி, பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

அவள் வாசலுக்குப் போனபோது கடைக்காரர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். குடையை எடுத்து விரித்துக் கையில் கொடுத்தார்.

"பார்த்துப் போம்மா. படி வழுக்கும்."

"சரி மாமா. அக்காவைப் பார்த்துக்கோங்க" என்றாள் தங்கை.